பெட்கோ பார்க்கில் டோனி க்வின்னைப் பார்க்க எங்கே உட்கார வேண்டும்?

சான் டியேகோ நகரின் மையப் பகுதியில், துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது பெட்கோ பார்க் பேஸ்பால் அரங்கம். 2024இல் ஒரு முறையும் 2025இல் ஒரு முறையும் என் மகளோடு அங்கே ஆட்டம் பார்த்தேன். முதல் முறை நிறையப் பணம் கொடுத்துக் கொஞ்சம் பார்த்தோம். இரண்டாம் முறை அதில் பாதிகூடச் செலவாகவில்லை. ஆனால் பல ஆண்டுகளாக நான் பார்க்க ஆசைப்பட்ட ஒன்றை அன்றுதான் கண்ணாரப் பார்த்தேன். சான் டியேகோவின் பாட்ரேஸ் அணியைத் தவிர வேறெந்த அணிக்கும் ஆடாமல் 1982 முதல் 2001 வரை இருபது பருவங்கள் மட்டை பிடித்த டோனி க்வின், களத்தில் தமக்கென்று வைத்துக்கொண்டிருந்த ஓர் இடைவெளிதான் அது. இந்த அரங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் கடற்காற்றையும் மீன் டாக்கோவையும் புகழ்ந்து நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தப் புகழ்ச்சி எல்லாம் உண்மைதான். க்வின்னை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே போகிறவர்களுக்காக நான் எழுதுகிறேன்.

அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலில் பந்தை வெகுதூரம் பறக்க விடுகிறவர்கள் ஒரு வகை. வருகிற பந்து எதுவானாலும் அதை மட்டையில் படவைத்து, ஆள் இல்லாத இடத்தில் விழச்செய்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகைக்கு அவருடைய காலத்தில் க்வின்னை விஞ்சிய பெயர் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பந்தை அடித்துவிட்டு, ஆட்டமிழக்காமல் பேஸ் எனப்படும் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்தால் அது ஒரு ஹிட்; மட்டை பிடித்த முறைகளால் ஹிட்டுகளை வகுத்தால் வருவது சராசரி. 9,288 முறை மட்டை பிடித்து 3,141 ஹிட் எடுத்தவர், வாழ்நாள் சராசரி .338. அமெரிக்காவின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில், பருவத்தின் மிக உயர்ந்த சராசரிக்கான பேட்டிங் பட்டத்தை எட்டு முறை வென்றார். 1983 முதல் 2001 வரை பத்தொன்பது பருவங்கள் தொடர்ந்து அவருடைய சராசரி .300க்குக் கீழே இறங்கவே இல்லை. இந்தக் கணக்கை ஒரு நாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்: ஓய்வு பெற்றபின் அவர் மறுபடி வந்து 1,182 முறை ஒரு ஹிட்கூட இல்லாமல் ஆட்டமிழந்திருந்தாலும் அவருடைய சராசரி .300 ஆகத்தான் இருந்திருக்கும். முழு நேரம் ஆடும் ஒருவருக்கு அது ஏறத்தாழ இரண்டு பருவங்களின் உழைப்பு.

ஆனால் என்னை இவரிடம் கட்டிப்போட்ட எண் 434. இருபது பருவங்களில் அவர் ஸ்ட்ரைக் அவுட் ஆனது, அதாவது பந்தைச் சரியாக அடிக்காமல் மூன்று ஸ்ட்ரைக் வாங்கி ஆட்டமிழந்தது, மொத்தமே அத்தனை முறைதான். இன்றைக்குப் பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் பலர் மூன்றே பருவங்களில் அதைத் தாண்டிவிடுகிறார்கள். எந்தப் பருவத்திலும் அவர் நாற்பதுக்கு மேல் போனதில்லை. 1995இல் வெறும் பதினைந்து. அவருடைய தலைமுறையின் தலைசிறந்த பிட்ச்சர்களில், அதாவது பந்து வீசுகிறவர்களில், ஒருவரான கிரெக் மேடக்ஸ், நூறு முறைக்கு மேல் அவருக்குப் பந்து வீசியும் ஒரே ஒரு தடவைகூட அவரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கவில்லை. அந்த மேடக்ஸுக்கு எதிராக க்வின்னின் சராசரி .415.

என் மகள் பள்ளி அணியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள், இடக்கை ஆட்டக்காரி. கொஞ்ச காலம் ஒரு தனியார் பயிற்சி மையத்துக்கு அவளை அனுப்பினோம். அங்கே ஒவ்வொரு அடியும் எவ்வளவு வேகத்தில் கிளம்பியது, எந்தக் கோணத்தில் எழுந்தது என்று ஒரு திரையில் எண்கள் ஒளிரும். பெரிய எண் வந்தால் பாராட்டு, சின்ன எண் வந்தால் மௌனம். அந்த எண்ணைத் துரத்தித் துரத்தி, முன்பு பந்தைத் தவறவே விடாதிருந்த குழந்தை பந்தைத் தொடக்கூட முடியாமல் திரும்பத் தொடங்கினாள். பெரிய அடி தவறு என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு அதுவும் வேண்டும். ஆனால் பந்தைத் தொடுவதே ஒரு திறமை என்று அவளுக்கு எடுத்துக்காட்ட ஆள் இல்லாமல் போனது எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தோடுதான் பெட்கோ பார்க்குக்கு முதல் முறை சீட்டு வாங்கினேன்.

வாங்கியது மறுவிற்பனை இணையதளம் ஒன்றில். காட்டிய விலை ஒன்று, கடைசிப் பக்கத்தில் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து வந்த தொகை வேறொன்று. அவசரத்தில் பணம் கட்டிவிட்டேன். இருக்கை கீழ்த்தளத்தில், இடது களத்தை ஒட்டி, புல்லுக்கு மிக அருகே இருந்தது. ஆட்டக்காரர்களின் முகம் தெரிந்தது, அவர்கள் ஒருவரை ஒருவர் கூவி அழைப்பதுகூடக் காதில் விழுந்தது. ஆனால் ஆட்டம் தெரியவில்லை. பந்து எங்கே விழும், களத்தில் யார் எவ்வளவு தள்ளி நிற்கிறார், எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது என்பதெல்லாம் தரைமட்டத்திலிருந்து பார்க்கும்போது ஒன்றின்மேல் ஒன்று மடிந்து ஒரே கோடாகிவிடுகிறது. பணம் கொடுத்து நெருங்கிப் போனால் நன்றாகப் பார்க்கலாம் என்ற எண்ணம் இந்த ஆட்டத்துக்குப் பொருந்தாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

ஆட்டத்துக்கு முன்பு க்வின்னின் வெண்கலச் சிலையைப் பார்க்கப் போனோம். நடுக்களத்துக்கு அப்பால் இருக்கும் புல்வெளிப் பூங்காவில் அது நிற்கிறது. 2007இல், அவர் பேஸ்பால் மேதைகளுக்கான கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற அதே கோடையில், வில்லியம் பெரென்ட்ஸ் என்ற சிற்பி வடித்துத் திறக்கப்பட்டது. அரங்கை ஒட்டிய சாலைக்கும் க்வின்னின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவருடைய 19ஆம் எண்ணை அந்த அணியில் இனி யாரும் அணிய முடியாது. சிலைக்கு அருகில் குழந்தைகள் ஓடியாடுகிறார்கள், குடும்பங்கள் புல்லில் விரிப்புப் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. யாரோ ஒரு தாத்தா பேரனைத் தூக்கிச் சிலையின் பக்கத்தில் நிறுத்தி, மட்டையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று வெறும் கையால் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனாலும் வெண்கலத்தால் ஓர் ஆளைத்தான் காட்ட முடியும். அவர் அடித்த பந்து எந்த வழியாகப் போயிற்று என்பதைக் களத்தில்தான் தேட வேண்டும்.

அந்த வழிக்கு அமெரிக்க ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் "ஐந்தரை ஓட்டை". பேஸ்பாலில் களத்தில் நிற்பவர்களுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை எண் உண்டு. பிட்ச்சர் ஒன்று, கேட்சர் இரண்டு என்று தொடங்கி, மூன்றாம் பேஸில் நிற்பவருக்கு ஐந்து, அவருக்கும் இரண்டாம் பேஸுக்கும் இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு ஆறு. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இருக்கும் சந்துதான் ஐந்தரை. க்வின் இடக்கை ஆட்டக்காரர். இயல்பான வேகத்தில் மட்டையைச் சுழற்றினால் பந்து வலப்பக்கம்தான் போகும். இடப்பக்கச் சந்துக்குள் அனுப்ப வேண்டுமானால் பந்தை இன்னும் கொஞ்சம் உள்ளே வரவிட்டு, கடைசிக் கணம்வரை பார்த்துக்கொண்டிருந்து, பிறகு கைகளை முன்னே கொண்டுவர வேண்டும். பிட்ச்சரின் மேடைக்கும் மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். வேகமான பந்து அதைக் கடக்க அரை நொடிகூட ஆவதில்லை. அந்த அரை நொடிக்குள் காத்திருப்பதற்கும் நேரம் கண்டுபிடித்தவர் அவர். காத்திருந்ததால்தான் ஏமாற்றுப் பந்துகளை அவரால் இனம்காண முடிந்தது, இனம்கண்டதால்தான் மட்டை தவறவில்லை என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

இரண்டாம் முறை போவதற்கு முன் வீட்டில் களத்தின் படத்தை வரைந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். ஐந்தரை ஓட்டையின் நடுவிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு ஒரு கோடு போட்டு, அதே கோட்டைப் பின்னால் நீட்டினால் அது எங்கே போய் முட்டுகிறது? ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், சற்றே முதலாம் பேஸ் பக்கமாக. அந்தத் திசையில், மேல்தளத்தில் இருக்கை எடுத்தால், மட்டையிலிருந்து கிளம்பும் பந்து நம் கண்ணுக்கு நேராக அந்தச் சந்தை நோக்கி ஓடும். மேல்தளம் என்பதால் விலையும் குறைவு. இந்த முறை அணியின் அதிகாரபூர்வ வழியிலேயே சீட்டு வாங்கினேன். வேண்டிய இடமே கிடைத்தது. இந்த மதிப்புரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள நேர்ந்தால் இந்த இடத்தை வைத்துக்கொள்ளுங்கள்: ஹோம் பிளேட்டுக்குப் பின்புறம், மேல்தளம், நடுவிலிருந்து முதலாம் பேஸ் பக்கமாக ஒன்றிரண்டு பகுதிகள் தள்ளி.

மகள் ஆட்டக் குறிப்பு அட்டை ஒன்றையும் கூர் சீவிய பென்சிலையும் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வாய்ப்புக்கும் ஒரு சிறு கட்டம். ஸ்ட்ரைக் அவுட் ஆனால் கட்டத்தில் 'கே' என்ற ஆங்கில எழுத்தை எழுத வேண்டும். ஆட்டத்தின் முதல் பாதியில் அந்த எழுத்து அட்டை முழுக்கச் சிதறிக் கிடந்தது. பிறகு இடக்கை ஆட்டக்காரர் ஒருவர் வந்தார். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. அடுத்த பந்து வெளிப்புறமாக, தாழ்வாக வந்தது. பெரிய சுழற்சி எதுவும் இல்லை. மட்டையின் நுனிப்பகுதி பந்தின்மேல் வைக்கப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும். சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. பந்து செம்மண்ணில் இரண்டு முறை குதித்தது. மூன்றாம் பேஸ்காரர் தம் இடப்புறம் பாய்ந்து விழுந்தார், அவருடைய கையுறைக்கும் பந்துக்கும் ஒரு சாண் இடைவெளி. ஷார்ட்ஸ்டாப் மறுபக்கமிருந்து ஓடிவந்தார், அவருக்கும் எட்டவில்லை. இருவருக்கும் நடுவே மண்ணைத் தாண்டிப் புல்லில் ஏறி, அவசரமே இல்லாமல் உருண்டு போயிற்று பந்து. எங்கள் இருக்கையிலிருந்து பார்த்தபோது அந்த இடைவெளி ஒரு கதவைப் போலத் திறந்திருந்தது. மகள் கட்டத்தில் ஐந்தையும் ஆறையும் எழுதி, நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். அப்படி எழுதும் வழக்கம் எந்தக் கையேட்டிலும் இல்லை; அவளே கண்டுபிடித்தது.

அவள் என்னைப் பார்த்து, "அப்பா, இவ்வளவு மெதுவாக அடித்தாலும் ஹிட்டா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே நான் இன்னொரு முறை சீட்டு வாங்குவேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். க்வின் இந்த அரங்கில் ஆட்டக்காரராக ஒரு முறைகூட மட்டை பிடித்ததில்லை. பெட்கோ பார்க் 2004இல் திறக்கப்பட்டது. அவர் 2001இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் ஆடிய மிஷன் வேலி அரங்கம் இப்போது இல்லை, 2021இல் இடித்து முடித்துவிட்டார்கள். ஆனால் புதிய அரங்கில் நடந்த முதல் பேஸ்பால் ஆட்டம் அவருடையதுதான்: 2004 மார்ச்சில் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழக அணியும் ஹூஸ்டன் பல்கலைக்கழக அணியும் மோதின, நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். உள்ளூர் மாணவர் அணியின் பயிற்சியாளராகக் களத்தோரத்தில் நின்றவர் க்வின். தாம் படித்த பல்கலைக்கழகத்துக்கே திரும்பிப் போய் மாணவர்களுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், நகரம் கட்டிய புதிய வீட்டுக்குள் அவர்களைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக நுழைந்திருக்கிறார். இது எனக்குச் சிலையைவிடப் பெரிய மரியாதையாகத் தோன்றுகிறது.

அவர் கற்ற விதமும் அப்படித்தான். 1983இல் ஆட்டம் கைகூடாமல் தவித்த ஒரு கட்டத்தில், வெளியூர் ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வரும்போது பதிவு செய்து வைக்கும்படி மனைவி அலிஷாவிடம் சொன்னார். வீடு திரும்பி அந்த நாடாவைப் போட்டுப் பார்த்துத் தம் தவற்றைத் தாமே கண்டுபிடித்தார். அதன்பிறகு ஊர் ஊராகப் போகும்போதெல்லாம் வீடியோ கருவியைத் தூக்கிக்கொண்டு போனார். மற்றவர்கள் அவரை "கேப்டன் வீடியோ" என்று அழைத்தார்கள். இன்று எல்லா அணிகளிலும் இதற்கென்று தனி அறையும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர் அந்தக் கருவியைப் பயன்படுத்தியது தம் கைகள் எந்த நேரத்தில் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பதற்கு. நாங்கள் போன பயிற்சி மையத்துத் திரையை நினைத்துக்கொண்டேன். கருவி என்னவோ இரண்டு இடத்திலும் கருவிதான், கேட்ட கேள்வி வேறு.

1994ஆம் ஆண்டையும் இந்த நகரில் மறக்க முடியாது. அந்தப் பருவம் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் ஆகஸ்டில் பாதியில் நின்றபோது க்வின்னின் சராசரி .394. 419 முறையில் 165 ஹிட். இன்னும் மூன்றே மூன்று கூடியிருந்தால் .400ஐத் தாண்டியிருப்பார். இரண்டு பெரிய லீகுகளான நேஷனல், அமெரிக்கன் லீகுகளில் அதைக் கடைசியாகத் தாண்டியவர் 1941இல் .406 எடுத்த டெட் வில்லியம்ஸ். வில்லியம்ஸ் சான் டியேகோவிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. பிற்காலத்தில் இருவரும் நெருங்கிப் பழகினார்கள். உடலை ஒட்டி உள்ளே வரும் பந்தை இன்னும் பலமாக அடிக்க வேண்டும் என்று வில்லியம்ஸ் வற்புறுத்தியதை க்வின் மனத்தில் வாங்கிக்கொண்டார், 1997இல் தமது 37ஆம் வயதில் .372 சராசரியோடு, பந்து சுவரைத் தாண்டிப் போகும் ஹோம் ரன்னும் பதினேழு அடித்தார். 1999இல் பாஸ்டன் நகரில் இரண்டு லீகுகளின் நட்சத்திரங்கள் மோதிய ஆல் ஸ்டார் ஆட்டத்தில், முதுமையால் தள்ளாடிய வில்லியம்ஸ் முதல் பந்தை எறிந்தபோது அவர் விழாமல் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் க்வின்தான்.

அரங்கின் இயல்பும் இந்தக் கலைக்கு ஏற்றது. மாலையில் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வரும்; பகலில் பறந்துவிடும் பந்து இரவில் சுவருக்கு முன்னாலேயே இறங்கிவிடும். தொடக்கக் காலத்தில் இங்கே ஹோம் ரன் அடிப்பது மிகக் கடினமாக இருந்ததால் 2013இல் சுவர்களை உள்ளே தள்ளி வைத்தார்கள். தரையோடு போகிற பந்துக்கு ஈரக்காற்றும் இல்லை, சுவரும் இல்லை. 2024இல் பாட்ரேஸ் அணிக்கு வந்த வெனிசுவேலாக்காரர் லூயிஸ் அராயெஸ் அதை மறுபடி காட்டினார். 2022இல் மினசோட்டா, 2023இல் மயாமி, 2024இல் சான் டியேகோ என்று மூன்று அணிகளில் அடுத்தடுத்து மூன்று பேட்டிங் பட்டங்களை வென்றவர்; 2024 முழுவதிலும் 29 முறைதான் ஸ்ட்ரைக் அவுட் ஆனார், அதில் ஒரு கட்டத்தில் 141 வாய்ப்புகள் தொடர்ந்து அது நேராமலே கடந்தன. நேஷனல் லீகின் பேட்டிங் பட்டம் 2016 முதல் க்வின்னின் பெயரால் வழங்கப்படுகிறது என்பதால், அராயெஸ் அந்த ஆண்டு வாங்கியது க்வின்னின் அணிக்காக க்வின்னின் பெயரில் ஒரு விருது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். டிராலி ரயில் அரங்கின் வாசலுக்கு அருகிலேயே நிற்கிறது. கோடையானாலும் இரவுக்கு ஒரு கம்பளிச் சட்டை அவசியம். இடது மூலையில் 1909இல் கட்டிய பழைய செங்கல் கட்டடம் ஒன்றை இடிக்காமல் அரங்கோடு சேர்த்திருக்கிறார்கள்; அதன் மூலைதான் எல்லைக் கம்பமாக நிற்கிறது. அதைப் பார்ப்பதற்காகவே அரை மணி முன்னதாகப் போகலாம். உணவு நன்றாகவே இருந்தது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் சிலைக்கு முன்னால் நிற்கும்போது இன்னொன்றையும் சொல்லுங்கள்: க்வின் 2014 ஜூன் 16 அன்று 54 வயதில் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயால் இறந்தார், அதற்குக் காரணம் தாம் ஆடிய நாளெல்லாம் வாயில் அடக்கிக்கொண்டிருந்த புகையிலைதான் என்று அவரே நம்பினார். வாயில் அடக்கும் புகையிலை நம் ஊர்களில் எவ்வளவு வீடுகளில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

நேரம் இருப்பவர்கள் பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பெயரில் இருக்கும் சிறிய அரங்கையும் ஒரு மாலை பார்த்துவிட்டு வரலாம். அங்கே எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் ஐந்தரை ஓட்டை பக்கத்தில்தான். நாங்கள் அடுத்த முறை அங்கே போவதாக இருக்கிறோம். குறிப்பு அட்டையை மகள் இப்போதே கட்டம் போட்டு வைத்துவிட்டாள்.